உள்ளங்கையைக் கேட்காத துரைமார்

பனியன் கம்பெனி நிறைந்த நம் நல்லூர்க்காரனிடம் துப்பாக்கி வரலாற்றைக் கொடுத்தால் அதை ஃபிட் சாம்பிள் கதையாகத்தான் படிப்பான். பையர் போட்டுப் பார்க்கிறார், கமெண்ட் அனுப்புகிறார், டிசைனர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறார். 1893-ல் ஜெர்மனியில் நடந்ததும் இதேதான்.

ஹியூகோ போர்ஷார்ட் என்ற மகானுபாவர் தோட்டா மேகசினைப் பிஸ்டலின் கைப்பிடிக்குள்ளேயே செருகினார். இன்றைக்கும் பிஸ்டல் உலகம் அந்த வழியில்தான் போகிறது, மூளைக்குக் குறைவில்லை. ஆனால் பிடியை ஏறக்குறைய செங்குத்தாக நடுவில் நிறுத்தி, பின்பக்கம் சுருள்வில் கூட்டைத் துருத்தவிட்டார். நீட்டிப் பிடித்தவன் மணிக்கட்டு அழுதது. கொஞ்சம் மாற்றக் கூடாதா என்று கேட்டதற்கு, சாம்பிளில் கை வைக்க விடமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். அதைத் தூக்கிக்கொண்டு போய் ராணுவங்களிடம் காட்டியவர் கியோர்க் லூகர். பேச்சு வாங்கியவர் அவர் என்பதால் பிடியைச் சாய்த்தவரும் அவரே. 1900-ல் சுவிஸ் ராணுவம் ஆர்டர் கொடுத்தது. லூகர் சினிமாவுக்குப் போனார், போர்ஷார்ட் மியூசியத்துக்குப் போனார்.

சாய்வில் அப்படி என்ன இருக்கிறது? ஒரு பேனாவை முஷ்டிக்குள் பிடித்துக் கையை நேரே நீட்டிப் பாருங்கள். பேனா நிமிர்ந்து நிற்காது, முன்பக்கம் சாயும். துப்பாக்கிப் பிடியும் அந்தச் சாய்வுக்கு ஒத்துப்போனால் குழல் தானாக எதிரே பார்க்கும். நிமிர்ந்த பிடிக்குப் பழகியவன் சாய்ந்ததை எடுத்தால் குழல் வானத்தைப் பார்க்கும். சாய்ந்ததற்குப் பழகியவன் நிமிர்ந்ததை எடுத்தால் தரையைப் பார்க்கும். எது உசத்தி என்று பிஸ்டல் பிரியர்கள் போடும் சண்டையில் பாதி, எது முதலில் கைக்கு வந்தது என்பதுதான்.

1896-ன் மவுசர் பிஸ்டலுக்கு இந்தக் கவலையே கிடையாது. மேகசின் டிரிக்கருக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டதால், பிடி என்ற பெயரில் ஓர் உருண்டைக் கட்டையை ஒட்டிவிட்டு வேலை முடிந்தது என்று கிளம்பிவிட்டார்கள். விளக்குமாற்றுக் கட்டை என்று வெள்ளைக்காரர்களே பட்டப்பெயர் வைத்தார்கள். அதையும் ஆசையாக வாங்கியவர் வின்ஸ்டன் சர்ச்சில். பம்பாய் சசூன் டாக்கில் படகிலிருந்து இறங்கும்போது இரும்பு வளையத்தைப் பிடித்துத் தொங்கி அவர் தோள் பிசகியிருந்தது. வாள் வீச முடியாத அந்தத் தோளோடு 1898-ல் ஓம்டுர்மான் சண்டையில் மவுசரோடு குதிரை ஏறினார். ஆக, சாம்ராஜ்யத்தின் செல்லப்பிள்ளையைப் பிஸ்டலுக்கு மாற்றிய பெருமை நம் பம்பாய்த் துறைமுகத்துக்கு.

அதே மவுசர் 1914 ஆகஸ்ட் 26 அன்று கல்கத்தாவில் மாட்டுவண்டி ஏறியது. துப்பாக்கி விற்ற ரோடா கம்பெனிக்கு வந்த சரக்கைச் சுங்கத்திலிருந்து எடுக்கப்போன குமாஸ்தா ஸ்ரீஷ் மித்ரா, ஏழு வண்டியில் ஏற்றினார். ஆறு வண்டி கம்பெனிக்குப் போனது. ஏழாவது வண்டியை ஓட்டியவர் மாறுவேடத்தில் இருந்த புரட்சிக்காரர். 50 மவுசர், 46,000 தோட்டா. பிடி சரியில்லை என்று வங்காளத்துப் பையன்கள் ஒருவரும் கமெண்ட் அனுப்பவில்லை. இனாமாக வந்த சரக்குக்கு ஃபிட் பார்ப்பார்களா? தவிர, அதன் மர உறையையே பின்னால் மாட்டினால் தோளில் அண்டக் கொடுத்துச் சுடலாம், விளக்குமாறு துப்பாக்கியாகிவிடும்.

அமெரிக்கர்கள் மட்டும் சும்மாவா? 1911-ல் கோல்ட் பிஸ்டலை ஏற்றுக்கொண்டு, முதல் உலகப்போருக்குப் போய்வந்த பிறகுதான் கண்டுபிடித்தார்கள்: சுத்தியல் பின்னால் வரும்போது கட்டைவிரல் இடுக்குச் சதையைக் கடிக்கிறது, குட்டை விரல்காரனுக்கு டிரிக்கர் எட்டவில்லை, குண்டு தாழப் போகிறது. 1926-க்குள் ஆல்ட்டர் செய்தார்கள். டிரிக்கரைக் குட்டையாக்கி, கடிபடாமல் ஒரு வால் நீட்டி, பிடியின் முதுகில் ஒரு கூன் வைத்தார்கள். பிற்பாடு வந்த ரசிகர்கள் பலர் காசு கொடுத்து அந்தக் கூனை எடுத்தார்கள்.

ஆஸ்திரியாவில் திரைச்சீலைக் கம்பி செய்துகொண்டிருந்த காஸ்டன் கிளாக் 1980-களில் பிஸ்டலுக்கு வந்தார். அவர் பிஸ்டலின் மூன்றாம் தலைமுறையில் விரல் பதிய அழகழகாகப் பள்ளம் வெட்டினார்கள். பள்ளத்துக்குச் சரியான விரல் உள்ளவன் கொண்டாடினான். மற்றவனுக்கு மேடு விரலடியில் குத்தியது. 2017-ல் வந்த ஐந்தாம் தலைமுறையில் பள்ளத்தைத் தூர்த்துவிட்டார்கள்.

2014-ல் நம் கான்பூர் அரசுத் தொழிற்சாலை பெண்களுக்கென்று ‘நிர்பீக்’ ரிவால்வரைக் கொண்டுவந்தது. எடை 500 கிராம், அப்போதைய விலை ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கு மேல், கைப்பைக்குள் அடங்கும். கூடவே நகைப்பெட்டி மாதிரி ஒரு பெட்டி! பெண்ணின் கையைவிடப் பையைத்தான் அளந்திருப்பார்கள் போல.

நம்மூரிலும் பிஸ்டல் உண்டு. பேக்கிங் செக்‌ஷனில் விலை அட்டையைப் பனியனில் குத்துகிற டேக் கன். ஷிப்மென்ட் நாளில் நம் அக்காக்கள் சுடுகிற அளவுக்கு எந்தப் பட்டாளமும் சுட்டிருக்காது. கம்பெனி முதலாளிமார்களே, அடுத்த தடவை டேக் கன் வாங்கும்போது விலையை மட்டும் பார்க்காமல், இரண்டு மூன்று மாடலை அந்த அக்காக்களிடமே ஒரு ஷிஃப்ட் கொடுத்துவிட்டு, எது வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள்.