சேர்க்கிட் நானா

வண்ணாத்திவில்லுப் பக்கம் மஃரிபுக்குப் பிறகு எல்லா வீட்டிலும் விளக்கெரிய, ஒரு வீடு மட்டும் இருண்டு கிடந்தால் சந்தேகமே வேண்டாம், அது சேர்க்கிட் நானாவின் வீடு. மின்சார சபைக்குப் பாக்கி வைத்த குடும்பமல்ல. விறாந்தையில் எரிய வேண்டிய டியூப் லைட் மேசைமேல் பிரிந்து கிடக்கிறது. சமையலறைப் பல்பின் வயிற்றைத் திறந்து, உள்ளே இருந்ததை எடுத்து வேறொன்றில் பற்றவைத்தாயிற்று. மனைவி குப்பி விளக்கு வெளிச்சத்தில் ரொட்டி சுடுகிறார். நானாவோ நெற்றியில் டோர்ச்சைக் கட்டிக்கொண்டு ஊருக்கு ஒளி கொடுக்கும் வேலையில் மும்முரமாக இருக்கிறார்.

ஊருக்கு ஒருவர் இப்படி உண்டு. பகலில் அவர் கஜுத் தோட்டக் காவலாளியாக இருக்கலாம், அருவாக்காட்டுச் சுண்ணாம்புக்கல் குழியில் வேலை செய்பவராக இருக்கலாம், களப்பில் இறாலுக்கு வலை போடுபவராகவும் இருக்கலாம். இரவில் எல்லாரும் ஒரே சாதி: இலத்திரனியல் சாதி. அடையாளம் காண்பது லேசு. சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் டெஸ்டர் இருக்கும். விரல் நுனிகளில் வெள்ளை வெள்ளையாகப் பொட்டுகள் இருக்கும். உயர் அதிர்வெண் மின்சாரம் தோலைச் சுட்ட தடங்கள். கேட்டால் "சின்னக் கடிதான்" என்பார். கலியாண வீட்டுக்குப் போனால் மாப்பிள்ளையைப் பார்க்கமாட்டார். அண்ணாந்து பந்தலின் டியூப்பைப் பார்ப்பார். அதன் இரு முனையும் கறுத்திருந்தால் தலையை ஆட்டி, "கூடிப்போனா ரெண்டு மாசம்" என்பார். பக்கத்தில் இருக்கும் பெண் வீட்டார் முகம் வெளிறிப்போகும்.

இந்தச் சாதி சும்மா முளைக்கவில்லை. எழுவன்குளம், கங்கைவாடி என்று வில்பத்துக் காட்டின் ஓரமாகச் சிதறிக் கிடக்கும் குடியிருப்புகளில் கரண்ட் கம்பிக்காகக் காத்திருந்தவர்கள் அநேகர். யானைக்குக் காவலிருக்கும் கொட்டிலுக்குக் கம்பி எந்தக் காலத்தில் வரும்? கையில் இருந்தது வேனில் கழற்றிய 12 வோல்ட் பேட்டரி. அதை வைத்து 230 வோல்ட்டுக்குச் செய்த டியூப்பை எரிக்க வேண்டும். இந்த இடத்தில்தான் நானா பிறக்கிறார்.

அவருடைய சேர்க்கிட்டில் பாகங்கள் கொஞ்சம்தான். 2என்3055 என்று ஒரு டிரான்சிஸ்டர். 1960களில் அமெரிக்காவின் ஆர்சிஏ கொண்டுவந்தது, இரும்புத் தொப்பி போட்டது, 15 அம்பியர் தாங்கும். செத்த டிவியின் பிளைபேக் டிரான்ஸ்போமரில் இருந்து உடையாமல் கழற்றிய பெரைட் துண்டு ஒன்று. அதில் தடித்த கம்பியில் சில சுற்று, மெல்லிய கம்பியில் சில நூறு சுற்று. ரெசிஸ்டர் ஒன்று, கப்பாசிட்டர் ஒன்று. டிரான்சிஸ்டர் செக்கனுக்கு ஆயிரக்கணக்கான தடவை திறந்து மூட, மறுபக்கம் நூற்றுக்கணக்கான வோல்ட் கிளம்பும். கம்பி முடிந்தால் புத்தளம், அங்கும் கிடைக்காவிட்டால் கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெரு. மருந்தெடுக்கப் போவதாகச் சொல்லித்தான் பஸ் ஏறுவார். மருந்தும் வாங்குவார், மிச்சக் காசிருந்தால்.

டியூப்புக்கு இவ்வளவு சடங்கு எதற்கு என்று கேட்டுவிடாதீர்கள்; கேட்டால் இஷா வரைக்கும் விளக்கம் நடக்கும். சுருக்கம் இதுதான். குழலுக்குள் இருக்கும் பாதரச ஆவியில் மின்சாரம் பாயும்போது கண்ணுக்குத் தெரியாத புறஊதாக் கதிர் பிறக்கிறது. கண்ணாடியின் உட்புறத்துப் பூச்சு அதை வெள்ளை வெளிச்சமாக மாற்றுகிறது. ஆனால் பாயத் தொடங்கிய மின்சாரம் நிற்கத் தெரியாதது. பாயப் பாயத் தடை குறையும், குறையக் குறைய இன்னும் பாயும். பெருநாள் கடைத்தெருவில் காசோடு அவிழ்த்துவிட்ட பிள்ளை அது. கையைப் பிடித்து நிறுத்தும் வாப்பாதான் சோக். அந்த இரும்புச் சோக்கின் வேலையைத் தன் சின்னப் பெரைட் செய்வதில் நானாவுக்குத் தலைகால் தெரியாத பெருமை. "சபைக் கரண்ட்ல டியூப் செக்கனுக்கு நூறு தரம் மினுங்குது தம்பி. நம்மடது இருபதாயிரத்துக்கு மேல. அதே வாட்டுக்கு நூற்றுக்குப் பத்து வெளிச்சம் கூட" என்பார். அது உண்மைதான். அவர் சொல்லாமல் விட்டது: டியூப்பைக் கழற்றிவிட்டுச் சுவிட்சைப் போட்டால் அந்த வோல்ட்டெல்லாம் போக இடமின்றித் திரும்பி வந்து டிரான்சிஸ்டரைக் கொன்றுவிடும். அப்படிச் செத்தவற்றை ஒரு பால்மா டின்னில் போட்டு வைத்திருக்கிறார். டின் நிறைந்துவிட்டது.

அவரைத் தேடி வருகிறவர்கள் வெறுங்கையோடு வருவதில்லை. ஒரு சொப்பிங் பேக் நிறைய எரிந்துபோன பல்புகளைக் கொண்டுவருவார்கள். நானா ஒவ்வொன்றையும் காதோரம் வைத்துக் குலுக்கித் தீர்ப்புச் சொல்வார். "இதுல குழல்தான் மௌத்து, போர்ட் நல்லம்." சுருள் பல்பின் போர்ட்டைப் பிடுங்கி, சோக் எரிந்துபோன பழைய டியூப்புக்குக் கொளுவிவிட்டால் ஸ்டாட்டரும் தேவையில்லை, டியூப் பட்டென்று எரியும். "இதுல இழை அறுந்துட்டு, மற்றப்படி உசிர் இருக்கு." இழை அறுந்ததென்று ஊரே வீசிய குழல் அவருடைய பேட்டரிச் சேர்க்கிட்டில் எரியத்தான் செய்கிறது. இழை சூடாகத் தேவையில்லை, வோல்ட்டே ஆவியைத் தட்டி எழுப்பிவிடும். கம்பி தொடாத குழலை பெரைட் சுருளுக்குக் கிட்டப் பிடித்து மங்கலாக மினுங்கவைத்துக் காட்டும்போது, குர்ஆன் மத்ரஸாவுக்குப் போகும் வழியில் பிள்ளைகள் கூட்டமாக நின்றுவிடுவார்கள். தாமதத்துக்கு என்ன காரணம் என்று லெப்பை கேட்டால் எல்லாப் பிள்ளையும் ஒரே பெயரைச் சொல்லும்.

குறை இல்லையா என்றால், அவருடைய கண்டுபிடிப்பு எதற்கும் பெட்டி கிடையாது. பலகையில் ஆணியடித்து நிற்கும். "பெட்டிக்குள்ள போட்டா பிறகு மாத்த ஏலாதே" என்பார். நன்றாக எரியும் விளக்கு அவருக்கு முடிந்துபோன காரியம். மூன்றாம் நாள் இன்னும் நாலு சுற்றுக் கூட்டிப் பார்ப்போம் என்று கழற்றிவிடுவார். மத்திய அலை வானொலி இருந்த காலத்தில் அவர் சுவிட்சைப் போட்டதும் அண்டை அயலெல்லாம் கொர்ரென்று இரையும். மரண அறிவித்தலில் யார் மௌத்து என்று தெரியாமல் பாதி ஊர் தவித்துப்போகும். இரவல் கொடுத்த வேன் பேட்டரி விடியும்போது படுத்திருக்கும். இருபது வாட் டியூப் இரண்டு அம்பியர்தான் எடுக்கும் என்று அவர் கணக்குக் காட்டுவார். கணக்கு சரி, வேன்தான் ஸ்டார்ட் ஆகாது.

1996 மார்ச் 17 லாகூர் இறுதியாட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அரவிந்த டி சில்வா 107 ஓட்டம் அடித்து உலகக் கிண்ணத்தைக் கொண்டுவந்த இரவு. பேட்டரியில் ஓடிய கறுப்பு வெள்ளை டிவியின் முன்னால் கூட்டம் நெரிந்தது. இருட்டில் எப்படிப் பார்ப்பது என்று நானா அதே பேட்டரியில் ஒரு டியூப்பையும் கொளுவினார். திரையில் கோடு கோடாக ஓடி, அரவிந்தவைக் கம்பிக்குள்ளே அடைத்துவிட்டது. அன்றைக்கு நானாவைக் காப்பாற்றியது அவருடைய கால்கள்தான்.

மற்றவர்கள் வருஷங்களை மழையால், விளைச்சலால் நினைவு வைப்பார்கள். நானாவுக்கு மின்வெட்டுத்தான் நாட்காட்டி. 1996இல் நீர்த்தேக்கங்கள் வற்றிய வெட்டு, 2001இல் மறுபடி ஒன்று, இரண்டும் அவருக்குப் பொற்காலம். பிறகு களப்புக்கு அக்கரையில் நுரைச்சோலை அனல்மின் நிலையம் எழுந்தது. 2011இல் முதல் இயந்திரம், மூன்றும் சேர்ந்தால் 900 மெகாவாட். கண்ணுக்கெதிரே நாட்டின் மிகப் பெரிய மின்நிலையம். நானா உள்ளுக்குள் ஒடிந்துபோனார். அதுவும் அடிக்கடி படுத்துக்கொள்ளும் என்று தெரிந்த பிறகுதான் சோறு இறங்கியது. 2022 மார்ச் இறுதியில் டீசலுக்கும் டொலருக்கும் வழியில்லாமல் நாளுக்கு 13 மணி நேரம் வெட்டியபோது நாடே சபித்தது. அவர் மட்டும் புதுச் சாரம் உடுத்தித் திரிந்தார்.

எல்ஈடி வந்ததுதான் அவருக்குப் பெரிய துக்கம். "சோக்கும் இல்ல, ஸ்டாட்டரும் இல்ல. எரியுது. அதுல என்னா இருக்கு?" 2023இல் ஜெனீவாவில் பாதரச ஒப்பந்த நாடுகள் கூடி, 2027க்குள் டியூப் லைட் உற்பத்தியையே நிறுத்தத் தீர்மானித்ததை மகன் ஃபோனில் வாசித்துக் காட்டினான். பாதரசம் நஞ்சு, உடைந்த குழலை வீட்டுக்குள் வைக்கக் கூடாது என்ற பகுதி அவர் காதில் ஏறவில்லை. மறுநாள் கட்டிலுக்கடியில் பழைய குழல்கள் இரட்டிப்பாகியிருந்தன.

2025 பெப்ரவரி 9ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை. பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு பட்டு நாடு முழுவதும் கரண்ட் போனது. நுரைச்சோலையின் மூன்று இயந்திரங்களும் நின்று, அடுத்த நாட்களில் ஒன்றரை மணி நேர வெட்டும் வந்தது. நானா மேசையைத் துடைத்து, பேட்டரியைக் கொளுவி, வாசலைப் பார்த்துக் காத்திருந்தார். ஒருவரும் வரவில்லை. எல்லா வீட்டிலும் சார்ஜ் பல்பு தானாகவே எரிந்தது. எழுந்து தேநீர்க் கடைக்குப் போனால், அங்கே குரங்கை வைத்துப் பகிடி ஓடிக்கொண்டிருந்தது. குரங்குக்காகப் பேச நாட்டில் இருந்த ஒரே ஆள் நானாதான்.

"ஏன் அத ஏசுறீங்க? கம்பியக் கண்டா தொட்டுப் பாக்கிற ஆச எல்லா உசிருக்கும் இருக்கு" என்றார், வீட்டுக்கு வந்த பிறகும்.

மனைவி ரொட்டியைத் திருப்பிப் போட்டார். "அது ஒருக்காத்தானே தொட்டிச்சு" என்றார்.