திரைச்சீலைக்குக் காது, சமையலறைக்கு இரண்டு பிளக்

புதுக் குடியிருப்புகளின் விளம்பரத் தாளில் மின்சாரம் வெகுவாக முன்னேறிவிட்டது. கைபேசியைத் தொட்டால் ஹால் விளக்கு எரிகிறது. குரல் கொடுத்தால் திரைச்சீலை விலகுகிறது. சமையல் மேடையருகே மட்டும் இரண்டே பிளக் பாயிண்ட். ஒன்றில் ஃபிரிட்ஜ், மற்றதில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், அதில் மிக்ஸி, கெட்டில், இண்டக்‌ஷன் அடுப்பு என்று ஒரு கூட்டுக் குடும்பமே தொங்குகிறது. இத்தனை மூளையையும் விளக்குக்குச் செலவழிப்பதுதான் வேடிக்கை. 60 வாட் குண்டு பல்பு இருந்த இடத்தில் இப்போது 9 வாட் எல்இடி. அணைக்க மறந்தாலும் குடி முழுகாது. சுமை ஏறியிருப்பது ஏசியிலும் அடுப்பிலும், கீழே நிற்கும் மின்சார ஸ்கூட்டரிலும்.

“சுமை கூடினால் எம்சிபிதான் ட்ரிப் ஆகிவிடுமே” என்பார்கள். எம்சிபி காப்பது சுவருக்குள் இருக்கும் வயரை. 2,000 வாட் அடுப்பும் 1,500 வாட் கெட்டிலும் சேர்ந்தால் 230 வோல்ட்டில் சுமார் 15 ஆம்பியர். 16 ஆம்பியர் எம்சிபி வாயே திறக்காது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸின் நூல் வயர்தான் இளகும். ஷாக்கிலிருந்து ஆளைக் காப்பது 30 மில்லியாம்பியர் கசிந்தாலே துண்டிக்கும் ஆர்சிசிபி. பாவம், அதற்கு முகவெட்டு போதாது, விளம்பரத்தில் இடமில்லை. “யார் எதைச் செருகுவார்கள் என்று ஜோசியமா பார்க்க முடியும்?” என்கிறது கட்டுநர் தரப்பு. ஜோசியம் வேண்டாம், பூச்சுக்கு முன் சுவரில் வயர் இழுக்க இரண்டு காலிக் குழாய் கூடுதலாகப் பதித்தால் போதும். வீடு பார்க்கப் போகிறவர்கள் திரைச்சீலையோடு பேசுவதை நிறுத்திவிட்டு, பிளக் பாயிண்டுகளை எண்ணுங்கள். ஆர்சிசிபி எங்கே என்று கேளுங்கள்.