மேரி சொன்னாத்தான் அறுவடை

கிராமாங், பிரான்ஸ்
29.9.2024 (புரட்டாசி 13)

அன்புள்ள அப்பாயிக்கு,

போன்ல எவ்வளவு கத்தினாலும் உன் காதுல பாதிதான் விழுது. அந்தப் பாதியையும் நீ ஊருக்கு வேற மாதிரி சொல்லிடுற. அதனால காகிதத்துல எழுதறேன். பாப்பா வாசிச்சுக் காட்டும். (பாப்பா, அடைப்புக்குறிக்குள்ள இருக்கிறதெல்லாம் உனக்கு மட்டும். அந்த இடம் வந்தா திக்காதே. திக்கினா அப்பாயி கண்டுபிடிச்சுடும்.)

உன் கேள்விக்கே வரேன். நான் ஒயின்ஷாப்ல வேலை பாக்கல. ‘என் மவன் ஒயின் தோட்டத்துல வேலை பாக்குறான்’னு அப்பா டீக்கடையில சொன்னது வாஸ்தவம். அந்தச் சேதி நாலு வழிச் சாலையைத் தாண்டுறதுக்குள்ள தோட்டம் உதிர்ந்து போச்சு. செட்டிகுளம் போய்ச் சேர்றப்ப ஒயினோட ஷாப்பும் ஒட்டிக்கிச்சு. பொண்ணு வீட்டுக்காரங்க ஜாதகத்தைத் திருப்பி அனுப்பிட்டாங்கன்னு அம்மா அழுவுது. நான் பாக்குறது கொத்து வேலைன்னு சொல்லு. சிமெண்டுக் கொத்து இல்ல, திராட்சைக் கொத்து. காலேஜ் தொறக்கிறதுக்கு முன்னாடி பத்து நாள் வெட்டினா ரெண்டு மாச வாடகை தேறும்னு, படிக்கிற ராங்ஸ் டவுன்லேருந்து இங்க வந்தேன். அவ்வளவுதான் கதை.

ஊர் பேரு கிராமாங். கிராமம்னே வச்சுக்க. ஆனா ஊர் எல்லையில நம்ம ஐயனார் நிக்கிற எடத்துல ஒரு ராட்சத பாட்டில் நிக்குது. குதிரை மட்டுந்தான் இல்ல. அதைப் பாத்த பிறகு செட்டிகுளத்துக்காரங்களைக் குத்தம் சொல்ல எனக்கே மனசு வரல.

வந்த அன்னைக்கே கத்தரியை எடுத்துக்கிட்டு எறங்கினேன். மொசியே, அதாவது தோட்டக்காரரு, கையைப் புடிச்சு நிறுத்திட்டாரு. ‘மேரியில இன்னும் போடல’ன்னாரு. மேரிங்கிறது யாரோ பெரிய பொம்பளை, ஊர் நாட்டாமை சம்சாரம்னு நெனச்சுக்கிட்டேன். போய்ப் பாத்தா பஞ்சாயத்து ஆபீஸ்! இந்த ஷாம்பெய்ன் சீமையில 300 ஊருக்கு மேல இருக்கு. ஒவ்வொரு ஊருக்கும், ஒவ்வொரு ரகத்துக்கும் அறுவடை நாள் தனித்தனியா குறிக்கிறாங்க. ஆகஸ்ட் மாசத்துலேருந்து வாரத்துக்கு ரெண்டு தடவை, சுமார் 600 தோட்டத்துல பழத்தைக் கிள்ளிட்டுப் போய் இனிப்பு எவ்வளவு, புளிப்பு எவ்வளவுன்னு சோதிக்கிறாங்க. பெறகு கமிட்டி கூடி நாள் வைக்குது. அதுக்கு முன்னாடி வெட்டணும்னா காரணம் எழுதி மனுப் போடணும். நீ மாட்டைச் சந்தைக்கு ஓட்டவே பஞ்சாங்கம் பாக்குற ஆளு. உனக்கு இது புடிச்சிருக்கும்.

எனக்குப் புடிக்கல. எங்க கடைசி வரிசையை ஒட்டி ஒரு வண்டித்தடம். தடத்துக்கு அந்தப் பக்கம் வேற ஊரு. அவங்களுக்கு நாள் வந்துடுச்சு, எங்களுக்கு வரல. அதே மண்ணு, அதே வெயிலு, அதே கொடி. அங்க டிராக்டர் ஓடுது, ஆளுங்க பாட்டுப் பாடிக்கிட்டே வெட்டுறாங்க. இந்தப் பக்கம் நாங்க இருபது பேரு கத்தரியை வச்சுக்கிட்டு, சவரக்கடை வாசல்ல தலைக்குக் காத்திருக்கிற மாதிரி உக்காந்திருக்கோம். ‘ஒரு கொடி தடத்தைத் தாண்டி அந்தப் பக்கம் சாஞ்சிருந்தா அதுக்கு எந்த ஊர் தேதி?’ன்னு கேட்டேன். மொசியே சிரிக்கல. யோசிச்சாரு! ‘வேர் இருக்கிற ஊர்’னாரு. என் ஜோடி ஒரு யாழ்ப்பாணத்து அண்ணை, பாரிஸ்லேருந்து வந்தவரு. அவரு என் காதுல, ‘தம்பி, உமக்கு விசா வேணுமோ, வேண்டாமோ?’ன்னாரு. அதோட வாயை மூடிக்கிட்டேன்.

தினம் விடிஞ்சதும் மேரி வாசல்ல போய் நின்னு, நாள் குறிச்ச தாள் ஒட்டியிருக்கான்னு பாத்துட்டு வருவேன். அம்மா, இதை அப்படியே புரோக்கர்கிட்ட சொல்லிடாதே. ‘பையன் தினம் மேரி வாசல்ல நிக்கிறானாம்’னு இருக்கிற ஒரு ஜாதகமும் போயிடும். எனக்குக் குறிக்க முடியாத முகூர்த்தத்தைத் திராட்சைக்கு முத்திரை குத்திக் குறிக்கிறாங்க, பாரு.

நாள் வந்தது. மிஷின் வச்சு வெட்டக் கூடாது, கையாலதான் வெட்டணும், கொத்து முழுசா வரணும்னும் சட்டம். இடது கையைக் கொத்துக்கு அடியில ஏந்தணும். எலையை ஒதுக்கணும். காம்புல கத்தரியை வச்சு ஒரு நறுக்கு. பழம் உள்ளங்கையில வந்து உக்காரும், காலம்பறப் பனியில ஐஸ் மாதிரி. எதிர்ப்பக்கம் அண்ணை வெட்டிக்கிட்டே வருவாரு. எலைக்கு நடுவுல அவரு விரல் எது, காம்பு எதுன்னு பாத்து நறுக்கணும். மொத நாள் நான் என் விரலையே நறுக்கிக்கிட்டேன். பெருசா ஒண்ணும் இல்ல. (மூணு தையல்.)

இந்தக் கொடி நம்ம பந்தல் மாதிரி இல்ல. கம்பத்துல தலைக்கு மேல தொங்குமே, அந்த நெனப்போட வந்தா ஏமாந்துடுவ. இங்க பழம் முழங்காலுக்குக் கீழே தொங்குது. வெள்ளைக்காரப் பசங்க வாளியைக் கவுத்து உக்காருறான், மண்டி போடுறான், முதுகைப் புடிச்சுக்கிட்டு முனகுறான். நான் நம்ம காட்டுல வெங்காயத்துக்குக் குத்த வச்சு உக்கார்ற மாதிரி உக்காந்து, அப்படியே தத்தித் தத்திப் போய்க்கிட்டே இருந்தேன். மாதாம், அதாவது மொசியே சம்சாரம், ஓடியாந்து போட்டோ எடுத்தாங்க. யோகாவாம்! எத்தனை வருஷப் பயிற்சின்னு கேட்டாங்க. ‘எங்க பரம்பரையே இதான்’னேன். பொய் இல்லையே? ரெண்டு நாள் நான்தான் அந்தத் தோட்டத்துக்கு ராஜா. மூணாம் நாள் காலையில ராஜாவால கட்டில்லேருந்து எந்திரிக்க முடியல. அண்ணைதான் தூக்கி நிறுத்துனாரு. நினைச்சுப் பாரு. வெங்காயக் காட்டுல குனிய முடியாதுன்னுதான் படிக்க வந்தேன். கடல் தாண்டி வந்து, இன்னும் ஒரு சாண் கீழே குனிஞ்சிருக்கேன்.

தண்ணி பாய்ச்சுறதும் இங்க இல்ல, கூடாதுன்னுட்டாங்க. மோட்டார் ரூமே இல்லாத தோட்டம். மும்முனைக் கரண்டு ராத்திரி ரெண்டு மணிக்கு வருதுன்னு டார்ச்சை எடுத்துக்கிட்டு ஓடுற வேலை யாருக்கும் இல்ல. அப்பா இங்க வந்தா தூங்கித் தூங்கியே குண்டாயிடுவாரு.

மில்லுல ஒரு ஆட்டுக்கு 4,000 கிலோ போடுறாங்க. மொதல்ல வர்ற 2,050 லிட்டர் ஒசத்தி. அடுத்த 500 லிட்டர் ரெண்டாந்தரம். அதோட சரி. அதுக்கு மேல பிழிஞ்சா அது ஷாம்பெய்ன் கணக்குல சேராது. தேங்காயில மூணாம் பால் எடுத்து, சக்கையைத் தொவையலுக்கும் வச்சுக்கிற உன்னை இவங்க பாத்தா மயக்கம் போட்டுடுவாங்க.

இப்ப அப்பாவுக்கு ஒரு சேதி. மொசியேவுக்கு இருக்கிறது மூணு ஹெக்டேர், நம்ம கணக்குல ஏழரை ஏக்கர். ஏழரைன்னதும் சனின்னு கன்னத்துல போட்டுக்காதே அப்பாயி. இந்த வருஷம் ஹெக்டேருக்கு 10,000 கிலோவுக்கு மேல எடுக்கக் கூடாதுன்னு விளைச்சலுக்கே வேலி போட்டுட்டாங்க. ஏக்கருக்கு நாலு டன். விக்கிற அளவுக்குத்தான் விளைச்சல். மிஞ்சினதுல ஒரு பங்கைக் கையிருப்பா வச்சுக்கலாம், பஞ்ச வருஷத்துக்கு ஆகும். அதுக்கும் மேல காய்ச்சா கொடியிலேயே கெடக்கட்டும். கிலோ ஆறேழு யூரோ, 600 ரூபாய்க்கு மேல! கேட்டதும் எனக்கு வயிறு எரிஞ்சுது. நல்ல பழத்தை விட்டுட்டு வர்றது பாவமில்லையான்னு மொசியேகிட்ட கேட்டேன். அவரு பதிலுக்கு எங்க ஊர்ல என்ன பண்ணுவீங்கன்னாரு. நாங்க பாவமே பண்ண மாட்டோம் மொசியே, வெங்காயம் எல்லாத்தையும் பிடுங்கி, தாள் அறுத்து, சிப்பம் கட்டி, வண்டி வாடகை குடுத்து மண்டிக்குக் கொண்டு போவோம், அங்க கிலோ 12 ரூபாய்னு சொன்னதும் திரும்பி வர்ற வாடகைக்குக் காசில்லாம அங்கேயே கொட்டிட்டு வருவோம்னு சொல்லலாம்னு பாத்தேன். அவ்வளவு பிரெஞ்சு எனக்கு வரல.

இவங்களுக்கும் இது சும்மா வந்துடல. 1911-ல வியாபாரிங்க வெளியூர்ப் பழத்தைக் கொண்டாந்து கலக்கி, உள்ளூர் விலையை மிதிச்சிருக்காங்க. இங்கேயிருந்து கொஞ்ச தூரத்துல ஆயின்னு ஒரு ஊரு, நம்ம ஆயிதான். அங்க ஜனங்க தெரண்டு போய் வியாபாரிங்களோட கிட்டங்கிக்குத் தீ வச்சு, பட்டாளம் வந்து எறங்கியிருக்கு. எது ஷாம்பெய்ன், எது இல்லங்கிற எல்லைச் சட்டம் ஒழுங்கா வர 1927 ஆச்சு. அப்பாகிட்ட தீ வைக்கச் சொல்லி எழுதறேன்னு நெனைச்சுக்காதே. நம்ம வெங்காயத்துக்கு ஒரு மேரி இல்லையேன்னுதான். அவளைத்தான் மொத நாள் நான் அவ்வளவு திட்டினேன்.

நோயும் உண்டு, கேட்டுக்க. இந்த வருஷம் மழை விடாமப் பேஞ்சு எலையில பூஞ்சை புடிச்சு, இந்தச் சீமையில நெறையப் பேருக்குப் பாதி போச்சு. மொசியே கருகின கொத்தைக் கையில வச்சுத் திருப்பித் திருப்பிப் பாத்துக்கிட்டு நின்னாரு. நம்ம வெங்காயத்துக்குத் திருகல் நோய் வந்த வருஷம் அப்பா வரப்புல நின்ன மாதிரியே, இடுப்புல கை வச்சுக்கிட்டு. நான் பேசாம அடுத்த வரிசைக்குப் போயிட்டேன்.

அப்புறம், குடிச்சியான்னு கேட்ட. நான் தொட்டதெல்லாம் சாறு, சாமி சத்தியமா. இந்த வருஷச் சாறு நொதிச்சு, வர்ற வருஷம் பாட்டில்ல அடைச்சு, பாட்டில்லயே குறைஞ்சது 15 மாசம் நிலவறையில படுக்கணும். அதுவரைக்கும் என்னைக் குடிகாரன்னு சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது. இதையும் பொண்ணு வீட்டுல சொல்லிப் பாரு. (பழைய வருஷத்துப் பாட்டில் நெறைய இருக்கு.)

அந்த நிலவறை முழுக்கச் சுண்ணாம்புப் பாறை. மழைக்குப் பெறகு எங்க செருப்பெல்லாம் சுண்ணாம்பு அடிச்ச சுவரு மாதிரிதான் இருக்கும். மொசியே சுவத்துலேருந்து துப்பாக்கித் தோட்டா மாதிரி ஒரு கல்லைப் பெயர்த்துக் காட்டினாரு. டைனோசர் காலத்துல இங்க கடலாம், அதுல நீஞ்சுன கணவாய் மாதிரி ஒரு பிராணியோட மிச்சமாம். எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. நம்ம காரை கிராமத்துப் பக்கம் ஆடு மேய்க்கப் போறப்ப டவுசர் பையில பொறுக்கிப் போட்டுக்கிட்டு வருவேனே, அதே தோட்டாக் கல்லு! அங்க பொறுக்கின நத்தைக் கல்லைக் கூட நீ வடாம் துணி பறக்காம இருக்க வச்சிருப்பியே. ‘எங்க ஊரும் கடல்தான்’னு சொல்ல வந்து, எனக்குத் தெரிஞ்ச பிரெஞ்சுல ‘எங்க வீட்டுலயும் கடல்’னு வந்துடுச்சு. மாதாம் பதறிப் போய், வெள்ளத்துல யாருக்கும் ஒண்ணும் ஆகலையேன்னு என் கையைப் புடிச்சுக்கிட்டாங்க. மரமே கல்லாப் போன நம்ம சாத்தனூர்க் கல்மரத்தைப் போன்ல காட்டினேன். நம்பவே இல்ல. ‘மரமா? படுத்திருக்கா? கம்பி வேலி எதுக்கு?’ன்னாங்க.

நேத்து கடைசி நாள். கடைசி லோடு டிராக்டருக்குப் பூவும் தழையும் கட்டி, ஹாரன் அடிச்சுக்கிட்டே ஊரைச் சுத்தினோம். மாட்டுப் பொங்கல்னு கண்ணை மூடிக்கிட்டா நம்பலாம், பொங்கலோ பொங்கல் மட்டும் யாரும் கத்தல. நான் கத்தினேன். அண்ணையும் கத்தினாரு. ராத்திரி பெரிய விருந்து. பன்னிக்கறியும் முட்டைக்கோசும் போட்டு வேக வச்ச கொழம்பு. நேத்து புரட்டாசிச் சனிக்கிழமை. பூமலை சஞ்சீவிராயரை மனசுல கும்பிட்டுக்கிட்டு, கோசையும் உருளைக்கிழங்கையும் மட்டும் சாப்பிட்டேன். (கொழம்பு ஒண்ணுதானே, பாப்பா. கோசுல ஒட்டிக்கிட்டு வந்ததுக்கு நான் என்ன பண்றது.)

இப்பவும் கை பிசுபிசுன்னு இருக்கு, எத்தனை சோப்புப் போட்டாலும். மோந்து பாத்தா ஒரு வாசமும் இல்ல. வெங்காயம்னா மூணு நாளைக்குப் போகாது.

பட்டறையில இருக்கிற விதை வெங்காயத்தை, வெலை ஏறுதுன்னு அப்பா அவசரப்பட்டு வித்துட வேணாம்னு சொல்லு. தோட்டாக் கல்லு ஒண்ணைத் தனிக் கவர்ல வச்சிருக்கேன். நத்தைக் கல்லு பக்கத்துல வை, ரெண்டும் பேசிக்கட்டும்.

இப்படிக்கு,
உன் பேரன்

(பாப்பா, கல்லு இல்லாம வெறும் கவர் வந்தா போஸ்ட்மேன்கிட்ட சண்டைக்குப் போகாதே. நேத்து ராத்திரி அந்தக் கவரை ஒட்டினப்ப நான் அவ்வளவு நிதானத்துல இல்ல.)