படிக்கப்போறது நீதாம்லே!

ஏலே பேராண்டி, ஸ்டாக்ஹோம்ல பிள்ளையச் சேக்க யாரு சிபாரிசு வேணும்னா கேக்க? எம்.எல்.ஏ. லெட்டரு அங்ஙன பஜ்ஜி எண்ணெய் ஒத்தக்கூட ஆவாது. நகராட்சியில எழுதிப் போடு. ஒரு வயசு ஆயிட்டா, 4 மாசத்துக்குள்ள ஃபோர்ஸ்கூலாங்குற பாலர் பள்ளியில இடம் குடுத்தாவணும்னு சட்டமே இருக்கு. டொனேஷன் குடுக்காம மனசு ஆறலேன்னா எனக்கு அனுப்பு, நான் வாங்கிக்கிடுதேன்.

ஃபீஸு வீட்டு வருமானத்தப் பாத்துப் போடுவாவ. கடைக்குட்டிதான் கணக்குல மொதப் பிள்ளை, அதுக்கு 3 சதவீதம். அதுக்கு மூத்ததுக்கு 2, அதுக்கும் மூத்ததுக்கு 1. எம்புட்டுச் சம்பாதிச்சாலும் ஒரு உச்சவரம்பு உண்டு. நாலாவது இருந்தா இனாம். அதுக்காவ அவசரப்பட்டுராத!

சேத்த புதுசுல கொஞ்ச நாளு நீயும் பிள்ளையோட அங்ஙனயே உக்காரணும். மழையோ பனியோ, வெளியிலதான் வெளாட்டு. ‘ஏபிசிடி எப்பச் சொல்லித் தருவீய’ன்னு கேட்டு மானத்த வாங்கிராத. பெரிய பள்ளிக்கூடம் போனாக்கூட 6-ஆம் வகுப்புக்கு முந்தி பெரும்பாலும் கிரேடே போட மாட்டாவ. பக்கத்து வீட்டுப் பிள்ளைகூட ஒப்பிட்டுப் பேசாம உங்கம்மா எப்பிடித்தான் பொழுது போக்கப்போறாளோ! கைய மட்டும் ஓங்கிராதடே. 1979-லயே அடிக்கக் கூடாதுன்னு சட்டம் போட்டுட்டாவ. உங்கப்பன வளத்த என் வெளக்கமாத்துக்கு அந்தூருல விசா கெடையாது.

பிள்ளைக்குச் சளின்னா வேலைய விட்டுட்டு வீட்டுல இரி. சம்பளத்துல ஏறக்குறைய 80 சதவீதம் அரசாங்கம் குடுத்துரும். அங்ஙன பொறந்த பிள்ளைக்கு 480 நாளு லீவு. அதுல உம் பங்குல 90 நாளப் பொண்டாட்டி தலையில கட்ட முடியாது. நீ எடுக்கலேன்னா போச்சு.

இப்பல்லா வெளங்குது, ‘தாத்தா, வந்து இருங்க’ன்னு நீ ஏன் தேனா ஒழுகுதன்னு! நானும் வெசாரிச்சுட்டேன். 2024 ஜூலையிலேருந்து அப்பனும் ஆத்தாளும் அந்த லீவுல ஆளுக்கு 45 நாள் வரைக்கும் தாத்தனுக்கு மாத்திவிடலாமாம், துட்டும் உண்டாம். ஆனா அந்தூரு காப்பீட்டுல இருக்க கெழவனுக்குத்தான். சுத்திப்பாக்க வார கெழவனுக்கு நயாபைசா கெடையாது.

அதனால டயப்பர் மாத்த நீயே படிச்சுக்கோ. கோடையில வாரேன், பரீட்சை வைக்க. உனக்கு மார்க்கு நான் போடுதேன்.