“பார்த்து நல்லா பண்ணுங்க”

நம் ஊரில் கல்யாணம் என்றால் லிஸ்ட் போடாமல் ஒரு துரும்பும் நகராது. வாத்தியார் கொடுக்கும் சாமான் லிஸ்டில் விரலி மஞ்சள் எத்தனை கிராம், கொட்டைப்பாக்கு எவ்வளவு என்று கணக்கு இருக்கும். சமையல் காண்ட்ராக்டரின் லிஸ்டில் பெருங்காயம் கட்டியா, தூளா என்பதுவரை இருக்கும். இத்தனை லிஸ்டுகளும் வந்து இறங்கும் கல்யாண மண்டபத்தின் உரிமையாளர், தன் மண்டபத்துக்கு ஒரு வெப்சைட் வேண்டுமென்று டிசைனரைக் கூப்பிட்டால் மட்டும் அவருடைய லிஸ்ட் மூன்றே சொற்களில் முடிந்துவிடுகிறது: “பார்த்து நல்லா பண்ணுங்க.” தோண்டித் துருவிக் கேட்டால் மூன்று ஆசைகள் வெளிவரும். பின்னணி தங்கக் கலரில் மின்ன வேண்டும். திறந்ததும் நாதஸ்வரம் ஒலிக்க வேண்டும். திறப்பு விழாவில் அமைச்சர் ரிப்பன் வெட்டிய படம் முதலில் வர வேண்டும். இவை மூன்றும் டிசைனருக்கான குறிப்பே அல்ல என்பது என் கட்சி. உண்மையான குறிப்பு அந்த மண்டபத்திலேயே, வாசல் பக்கத்து அறையில் போன் எடுக்கும் மேனேஜரின் வாயில் தயாராக இருக்கிறது. அதை எழுதி எடுக்கத்தான் ஆள் இல்லை.

அந்த மேனேஜர் நாள் முழுக்க எதற்குப் பதில் சொல்கிறார்? தை மாதம் வளர்பிறை முகூர்த்தம் ஏதாவது காலி இருக்கிறதா? ஒரு பந்தியில் எத்தனை பேர் உட்காரலாம்? வாடகை முந்தின நாள் எத்தனை மணியிலிருந்து கணக்கு? கரண்ட் மீட்டர்படியா? ஜெனரேட்டர் டீசல் யார் தலையில்? மாப்பிள்ளை வீட்டாருக்கு எத்தனை ரூம், எத்தனையில் ஏசி? சமையலுக்கு எங்கள் ஆளைக் கூட்டி வரலாமா? பாட்டிக்கு முட்டி வலி, லிஃப்ட் உண்டா? இவற்றில் ஒவ்வொன்றும் வெப்சைட்டில் ஒரு வரி. முகூர்த்தத் தேதிக் கேள்விக்கு மட்டும் ஒரு பக்கம். பெண்ணைப் பெற்றவர் யாரும் போன் போட்டு, “உங்கள் நிறுவனத்தின் தொலைநோக்குப் பார்வை என்ன?” என்று கேட்டதாகச் சரித்திரம் இல்லை. ஆனால் மண்டப வெப்சைட்டுகளில் தொலைநோக்குக்கு ஒரு தனிப் பக்கம் இருக்கும், பந்திக்கு ஒரு வரிகூட இருக்காது.

உரிமையாளர் வாயைத் திறக்காவிட்டால் டிசைனர் சும்மா இருக்க முடியாது. காலி இடத்தை எதையாவது போட்டு நிரப்பியாக வேண்டும். அதற்கு ‘லோரம் இப்சம்’ என்று ஒரு சரக்கு உலகம் முழுக்கப் புழக்கத்தில் இருக்கிறது. ரோமாபுரிச் சிசரோ கி.மு. 45-இல் எழுதிய தத்துவ நூலிலிருந்து பிய்த்து, பொருள் தெரியாதபடி சிதைத்த லத்தீன் அது. அசல் வாசகம் வரும்வரை இடத்தைப் பிடித்து வைக்கத்தான் அது. அசல் வராமலே போனால், மண்டபத்தின் ‘எங்களைப் பற்றி’ பக்கத்தில் சிசரோவே நிரந்தர மேனேஜராகிவிடுவார். படங்கள் கதையும் இதேதான். டைனிங் ஹாலில் இலை போட்டிருக்கும் ஒரு படத்தை உரிமையாளர் தரவில்லையென்றால், டிசைனர் ரெடிமேடாகக் கிடைப்பதை எடுத்துப் போடுவார். கடற்கரையில் வெள்ளை கவுன் அணிந்த வெள்ளைக்காரப் பெண், கையில் ஷாம்பெயின் கோப்பையுடன், நம் மண்டபத்துக்கு வரவேற்பு சொல்வாள்.

“அப்படியானால் அழகே வேண்டாமா? கல்யாணக் காரியம் களையாக இருக்க வேண்டாமா?” என்பார்கள். இருக்கட்டும், ஆனால் களை படிப்பதைக் கெடுக்கக் கூடாது. எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே ஒளி வேறுபாடு குறைந்தது 4.5-க்கு 1 இருக்க வேண்டும் என்று வலைத்தளங்களுக்கு உலகளாவிய நெறிமுறையே உண்டு. தங்கக் கலர் மேல் வெள்ளை எழுத்து அந்தப் பரீட்சையில் தேறுவது கடினம். நாதஸ்வர ஆசையை 2018-இலேயே குரோம் பிரவுசர் கவனித்துக்கொண்டது: பார்ப்பவர் தொடாமல் ஒலி தானாக எழும்பாதபடி பெரும்பாலும் தடுத்துவிடுகிறது. அமைச்சரைப் பொறுத்தவரை, டிசைனரின் பெரிய திரையில் அவர் கம்பீரமாகத்தான் இருப்பார். ஆனால் வாடிக்கையாளர் பார்ப்பது போனில். அங்கே முதல் திரை முழுக்க அமைச்சரும் கத்தரிக்கோலும் நின்றால், போன் நம்பர் எட்டு முறை தள்ளிய பிறகுதான் தலைகாட்டும். வேலையை ஒப்புக்கொள்ளும் முன் உரிமையாளர் தன் போனிலேயே திறந்து பார்க்க வேண்டும் என்பதும் குறிப்பில் ஒரு வரியாக ஏறட்டும்.

தமிழில் எழுதிக் கொடுப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பத்திரிகை அடிக்கும் அச்சகத்தில் பாமினி எழுத்துருவில் டைப் செய்து வைத்ததை அப்படியே அனுப்பினால், வெப்சைட்டில் ‘தமிழ்’ என்ற சொல் ஜே, கே, பி, ஓ என்ற ஆங்கில எழுத்துகளாகவும் ஓர் அரைப்புள்ளியாகவும் வந்து நிற்கும். டிசைனர் தமிழ் படிக்காதவராக இருந்தால் அதுதான் தமிழ்போலும் என்று விட்டுவிடுவார். யூனிகோடில் கொடுத்தால் இந்த வம்பு இல்லை.

எழுதிக் கொடுப்பதற்கு எதிராக வேறு வாதங்களும் உண்டு. “வாடகையைப் போட்டால் எதிர் மண்டபக்காரர் பார்த்துவிடுவார்.” அவர் தன் மச்சானை விட்டு, பெண் வீட்டார்போல் போன் போட்டு, எப்போதோ விசாரித்தாகிவிட்டது, தெரியாமல் தவிப்பது வாடிக்கையாளர் மட்டும்தான். “முகூர்த்தத்துக்கு முகூர்த்தம் வாடகை மாறுமே” என்பது நியாயமான கேள்வி. அதற்கு ‘இவ்வளவிலிருந்து’ என்று ஒரு தொகையும், அதில் எதெல்லாம் அடக்கம் என்பதும் போதும். “டிசைனர் நிபுணர், அவருக்குத் தெரியாதா?” என்பது மூன்றாவது. அவருக்குத் தெரிந்தது வெப்சைட். உங்கள் கார் பார்க்கிங்கில் வேப்பமரம் எத்தனை காரின் இடத்தை அடைத்திருக்கிறது என்பது அவருக்கு எப்படித் தெரியும்? “வாட்ஸ்அப்பில் வாய்ஸ் மெசேஜ் போட்டால் ஆகாதா?” ஆகாது. மூன்றாவது வாய்ஸில் சொன்னதைப் பதினேழாவது வாய்ஸ் மறுத்திருக்கும். பேச்சு மாறும்போது காட்டுவதற்குத் தாள் வேண்டும். டொமைன் பெயர் யார் பெயரில் பதிவாகிறது, பாஸ்வேர்டு யாரிடம் இருக்கும், வருடாவருடம் புதுப்பிப்பது யார் என்பதும் அதே தாளில் இருக்கட்டும். டிசைனர் வேறு ஊர் போய்விட்டால் மண்டபம் மட்டும் உங்களுடையது, அதன் முகவரி அவருடையது என்றாகிவிடக் கூடாது.

ஆகவே மண்டபக்காரர்களே, ஆடி மாதம் முகூர்த்தம் இல்லை, ஆனால் ஆவணிக்காக போன் வந்துகொண்டேதான் இருக்கும். ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு மேனேஜர் பக்கத்தில் ஒரு வாரம் உட்காருங்கள். வரும் கேள்விகளை வந்தபடியே எழுதுங்கள். அதிகம் பேர் கேட்டதை மேலே தூக்கி, எதிரே பதிலைப் போடுங்கள். டிசைனரிடம் முதலில் கொடுக்க வேண்டியது அந்தத் தாளைத்தான். தங்கக் கலரை இரண்டாம் தாளில் எழுதிக்கொள்ளலாம்.