அலுமாரிக்கு முடிசூட்டு விழா

கேள்வி: கனடாவில் இருக்கிற தம்பி வீடியோக் கோலில் தன்ர குசினியைக் காட்டினான். பன்ட்ரி அலுமாரிகளுக்கு மேலே, சீலிங் ஓரமாக, வளைந்த மரச்சட்டம். எங்கட வீட்டிலும் போடலாமோ?
– பரந்தன் வாசகி

பதில்: போடலாம் அக்கா. உங்கட குசினிக்குச் சீலிங் இருக்கிறதா? இந்திய வீட்டுத் திட்டத்தில் 550,000 ரூபா வாங்கி, மிச்சத்துக்குக் கடன்பட்டு முடித்த வன்னி வீடுகள் பலவற்றில் அண்ணாந்தால் நேரே ஓடுதான். அங்கே முடிசூட்டினால் பல்லிதான் பட்டத்து இளவரசர்.

சீலிங் இருந்தால், நல்ல ஓடாவியாகப் பிடியுங்கள். அலுமாரியின் மேல்விளிம்பில் முதலில் ஒரு சட்டம் அடித்து, அதில்தான் இந்த வளைந்த சட்டத்தைப் பொருத்தவேண்டும். இது சாய்ந்து நிற்கும் சாமான். படுக்கப்போட்டு வெறும் 45 பாகையில் வெட்டினால் மூலையில் வாய் பிளக்கும். நிற்கும் சாய்விலேயே, தலைகீழாக வைத்து வெட்டவேண்டும். சுவர் மூலை 90 பாகை என்று மேசன் சத்தியம் செய்தாலும் அளந்து பாருங்கள்.

முதிரை, பாலை மரம் என்றால் கறையான் பயப்படும். விலையைக் கேட்டு நீங்கள் பயப்படுவீர்கள். எம்.டி.எஃப் பலகை மலிவு, ஆனால் மாரி ஈரத்தில் ஊதிப்போகும்.

கோயில் சுவரின் மேலே வளைந்து நீளும் கபோதமும் இந்த வளைந்த சட்டத்தின் சாதிதான். மழைநீரைச் சுவரில் படாமல் வெளியே தள்ளுவது அதன் வேலை. குசினிக்குள் மழை பெய்தால் முதலில் ஓட்டை மாற்றுங்கள்!

விறகடுப்பு எரிகிற குசினியா? சட்டத்துக்கு வைத்த காசுக்கு ஒழுங்கான புகைக்கூடு கட்டுங்கள்.