பிள்ளை சொல்லைத் தட்டாத அமைச்சகத்துக்கு

அனுப்புநர்: பதினொன்றாம் வகுப்புப் பையனின் தகப்பன், திருமுல்லைவாயல், சென்னை – 62.

பெறுநர்: மின்னணு மற்றும் தகவல் தொழில்நுட்ப அமைச்சகம், புது தில்லி.

பொருள்: டேட்டிங் செயலிகள் – வயதுக்கு வாய்ச்சொல்லே சான்று – நன்றி தெரிவித்தல் – தொடர்பாக.

ஐயா,

சாதிச் சான்றிதழுக்கு ரேஷன் கார்டு, டி.சி., என்னுடைய சான்றிதழ் எல்லாம் கேட்டார்கள், கொடுத்தேன். பையனுக்குப் பதினைந்து ஆனதும் ஆதாரில் கைரேகையைப் புதுப்பிக்கச் சொன்னார்கள், புதுப்பித்தோம். இப்படி யாரையும் நம்பாத நாட்டில், அவன் சொன்னதை அப்படியே நம்புகிற இடமும் இருக்கிறது. ஒன்றிரண்டு டேட்டிங் செயலிகள் முகத்தைக் காட்டச் சொல்கின்றன. மற்றவற்றில் பிறந்த வருடத்தை விரலால் ரெண்டு தள்ளு தள்ளினால் பதினாறு பதினெட்டாகிவிடும்.

எங்கள் தெருவில் புது நம்பர், பழைய நம்பர் குழப்பத்தில் கூரியர்காரர் போன் போட்டுக்கொண்டே நிற்பார். செயலிக்கு அந்தச் சிரமமே இல்லை. பையன் எத்தனை கிலோமீட்டரில் இருக்கிறான் என்று முன்பின் தெரியாதவனுக்குச் சொல்லிவிடும்.

உங்கள் 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைப் படித்தேன். பதினெட்டுக்குக் கீழ் என்றால் பெற்றோரின் ஒப்புதலைச் சரிபார்த்துப் பெற வேண்டுமாம். உண்மை சொல்கிற பிள்ளைக்கு அப்பா வேண்டும். புளுகுகிற பிள்ளைக்கு வேண்டாம். விதிகள் 2025 நவம்பரில் வந்தன, இந்தக் கடமைக்குப் பதினெட்டு மாத அவகாசத்தோடு. அதற்குள் என் பையனுக்கே பதினெட்டு ஆகிவிடும். வயதுப் பிரச்சினைக்கு இதைவிடச் செலவில்லாத தீர்வு உண்டா?

வயதைச் சரிபார்க்க முடியாது என்றும் சொல்வதற்கில்லை. காசு கட்டி ரம்மி ஆட ஆதார் வேண்டும், நள்ளிரவு முதல் காலை ஐந்து வரை ஆடக் கூடாது என்று 2025இல் தமிழ்நாடு விதி போட்டது. உயர் நீதிமன்றமும் சரி என்றது. அதே ஆண்டு ஆகஸ்டில் பணம் கட்டும் ஆட்டத்தையே நீங்கள் தடை செய்தீர்கள். சீட்டுக்கட்டுக்குக் கிடைத்த காவல் பிள்ளைகளுக்குக் கிடைக்கவில்லை.

அந்தத் தடைக்கு அடுத்த மாதமே கேரளத்தின் காசர்கோட்டில் ஒரு வழக்கு வெளியே வந்தது. பதினெட்டு என்று போட்டு டேட்டிங் செயலியில் சேர்ந்த 16 வயதுப் பையன். போக்சோவில் 14 பேர் மீது குற்றச்சாட்டு. கல்வித்துறை அதிகாரி ஒருவரும் அதில் உண்டு. இதற்கு நன்றி சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பெற்றோர்தான் கண்காணிக்க வேண்டும் என்கிறீர்கள். அம்பத்தூர் எஸ்டேட்டில் நைட் ஷிப்ட் பார்க்கிற தகப்பன் எந்நேரம் கண்காணிப்பது? எங்களுக்குத் தெரிந்த ஒரே கண்காணிப்பு, போனைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டுவது. அதனால்தான் செயலியில் பழகியவனிடமிருந்து பணம் கேட்டு மிரட்டல் மெசேஜ் வந்தால் பையன் மிரட்டுகிறவனைவிட என்னைப் பார்த்து அதிகமாகப் பயப்படுகிறான். மிரட்டுகிறவனுக்கு அந்தப் பயமே முதலீடு. ஆகவே என் பங்குக்குச் சொல்லிவிட்டேன்: பணம் அனுப்பாதே, சாட் மெசேஜை அழிக்காதே, ஸ்கிரீன்ஷாட் எடு, என்னிடம் வா. போனைப் பிடுங்க மாட்டேன். சைபர் குற்றத்துக்கு 1930, குழந்தைகள் உதவிக்கு 1098, இரண்டையும் சேர்ந்தே கூப்பிடுவோம். நீ சம்மதித்தாய் என்று சொல்லி போக்சோவில் எவனும் தப்ப முடியாது.

இனி உங்கள் பங்கு. செயலிக் கம்பெனிகளிடம் ஆதாரை ஒப்படைக்கச் சொல்லவில்லை. அது வேறு வம்பு. பெற்றோரைச் சரிபார்க்க டிஜிலாக்கர் டோக்கன் போதும் என்று உங்கள் விதியிலேயே இருக்கிறது. பதினெட்டு என்கிறவனிடமும் அதையே கேட்கச் சொல்லுங்கள். அவகாசம் முடியட்டும் என்று இருந்துவிடாதீர்கள். அவன் தங்கை எட்டாவது படிக்கிறாள்.

இப்படிக்கு,
தகப்பன்